சீன டம்ப்ளிங் உணவகத்தில் சூடு ஆறாமல் சாப்பிடுவது எப்படி?

டம்ப்ளிங் என்பது மாவுக்குள் பூரணம் வைத்து மூடி வேகவைத்தோ வறுத்தோ தரும், நம் கொழுக்கட்டை போன்ற பண்டம். சீன டம்ப்ளிங் உணவகத்துக்கு முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். ஐந்து தட்டுகள் ஒன்றாக மேசையில் வந்து இறங்கும். முதல் தட்டு பிரமாதம், மூன்றாவது சுமார். ஐந்தாவதைத் தொடும்போது மாவு விறைத்து, கொழுப்பு உறைந்து, "இதற்கா இத்தனை பேச்சு?" என்று தோன்றிவிடும். சமையல்காரர் மீது பழி இல்லை. டம்ப்ளிங்கின் ஆயுளே சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களைத் தவறவிடாமல் இருப்பதற்கான வழி இது.

படி 1: எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மெனு நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். என்ன பூரணம், எப்படி வெந்தது, எத்தனை எண்ணம் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டதுதான் அத்தனை வரிகளும்.

பிறை வடிவில் இருப்பது ஜியாவ்சி. வட சீனாவில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே உட்கார்ந்து செய்யும் பண்டம். தண்ணீரில் வேகவைத்தால் ஷுய்ஜியாவ், ஆவியில் வெந்தால் ஜெங்ஜியாவ், அடிப்பக்கம் மட்டும் மொறுமொறுவென்று வறுபட்டால் குவோத்தியே. ஷியாவ்லாங்பாவ் ஷாங்காய், ஜியாங்சு பக்கத்தைச் சேர்ந்தது: மெல்லிய மாவு, உச்சியில் புடவைக் கொசுவம்போல மடிப்புகள், உள்ளே இறைச்சியும் கொதிக்கும் சூப்பும். தைபேயில் எண்ணெய்க் கடையாகத் தொடங்கிப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய டின் தாய் ஃபங் உணவகத்தில் ஒவ்வொன்றுக்கும் 18 மடிப்பு என்பது கணக்கு. ஷெங்ஜியன்பாவ் இதற்கு முரட்டு அண்ணன். தடித்த மாவு, பொன்னிற அடி, மேலே எள்ளும் வெங்காயத்தாளும். வொண்டன் என்பது சூப்பில் மிதந்து வரும் வகை.

ஆயுள் சில நிமிடங்கள் என்றேன். விதிவிலக்கும் உண்டு. சின்ஜியாங்கின் துர்ஃபான் பகுதியில், டாங் மன்னர் காலக் கல்லறைகளில் ஜியாவ்சிகள் வடிவம் குலையாமல் கிடைத்திருக்கின்றன. பாலைவனத்து வறட்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தவை. அவற்றைப் பார்க்கலாம், சாப்பிட முடியாது.

படி 2: கேட்க வேண்டியதை முதலிலேயே கேளுங்கள்

சீன மெனுவில் வெறுமனே "இறைச்சி" என்று இருந்தால் அது பன்றி இறைச்சி. அது வேண்டாதவர்கள் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, இறால் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சீனாவின் ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் பன்றி இறைச்சியே இருக்காது.

சைவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். காய்கறி டம்ப்ளிங் என்று எழுதியிருப்பதில் முட்டை இருக்கலாம், உலர்ந்த இறால் இருக்கலாம், சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேரலாம். எல்லாம் சரி என்றாலும் வேகும் பாத்திரம் ஒன்றாக இருக்கலாம். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் ஹார் காவ் எனும் இறால் டம்ப்ளிங்கின் ஒளி ஊடுருவும் மாவைப் பார்த்து அரிசி மாவு என்று நம்பிவிட வேண்டாம். அதுவும் கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச்தான்.

படி 3: இரண்டு தவணையாக ஆர்டர் செய்யுங்கள்

ஒருவருக்குப் பத்து முதல் பதினைந்து ஜியாவ்சி வயிறு நிறையப் போதும். சீனாவில் பல கடைகளில் எண்ணிக்கைக்குப் பதில் எடையில் ஆர்டர் எடுப்பார்கள். ஒரு லியாங் என்பது 50 கிராம். வட சீனக் கடைகளில் அது பொதுவாக மாவின் எடையையே குறிக்கும், பூரணம் அதில் சேராது. ஒரு லியாங்குக்கு ஐந்தாறு ஜியாவ்சி வரும். இது தெரியாமல் "ஒரு ஆளுக்கு அரை கிலோ" என்று சொல்லிவிட்டால் மேசையில் இடம் இருக்காது.

முதல் தவணையில் இடித்த வெள்ளரிக்காயில் பூண்டும் வினிகரும் சேர்த்த குளிர்ந்த தட்டு ஒன்று, வேகவைத்த ஜியாவ்சி ஒரு தட்டு, குவோத்தியே ஒரு தட்டு. குவோத்தியேயை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. எண்ணெயில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, மூடி, நீர் வற்றியபின் மறுபடி வறுபட வேண்டும் என்பதால் அது சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஷியாவ்லாங்பாவை முதல் தட்டுகள் பாதி காலியான பிறகு சொல்லுங்கள். கூட வருகிறவர் இன்னும் வழியில் இருக்கிறார் என்றால் சொல்லவே சொல்லாதீர்கள்.

படி 4: தொட்டுக்கொள்ளக் கலக்குங்கள்

புதியவர்கள் கிண்ணம் நிறைய சோயா சாஸ் ஊற்றுவார்கள். பூரணத்தில் ஏற்கெனவே உப்பும் சோயாவும் உண்டு. இங்கே முதலிடம் வினிகருக்கு, குறிப்பாகக் கருப்பு வினிகருக்கு. ஜியாங்சுவின் ஜென்ஜியாங் நகரத்து வினிகர் ஒட்டும் அரிசியில் தயாராவது, லேசான இனிப்பு உண்டு. ஷான்ஷி மாகாணத்து வினிகருக்குச் சோளம் அடிப்படை, புளிப்பும் வாசனையும் தூக்கல். ஜியாவ்சிக்கு மூன்று பங்கு வினிகர், ஒரு பங்கு சோயா, விருப்பப்பட்டால் மிளகாய் எண்ணெய். வடக்கே பச்சைப் பூண்டுப் பல்லைக் கடித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். பிற்பகலில் முக்கியமான சந்திப்பு எதுவும் இல்லையென்றால் நீங்களும் முயலலாம்.

ஷியாவ்லாங்பாவுக்கு வினிகரும் மெல்லிய இஞ்சிச் சீவலும் மட்டும். மிளகாய் எண்ணெய் ஊற்றினால் சூப்பின் ருசி செத்துப்போகும் என்பது என் பிடிவாதமான கருத்து.

படி 5: ஷியாவ்லாங்பாவைச் சாப்பிடுங்கள்

பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைக் குளிரவைத்தால் ஜெல்லியாக உறையும். அதை நறுக்கி இறைச்சியோடு பிசைந்து மாவில் வைத்து மூடுகிறார்கள். ஆவியில் ஜெல்லி உருகிச் சூப்பாகிறது. ஆகவே உள்ளே இருப்பது கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொழுப்புச் சாறு. முழுதாக வாயில் போட்டால் அண்ணம் வெந்துவிடும்.

மூங்கில் தட்டின் மூடியைத் திறந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆறினால் அடிமாவு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாப்ஸ்டிக்கால் உச்சிக் குமிழைப் பிடித்து லேசாக அசைத்து அடியை விடுவித்த பிறகு தூக்குங்கள். வயிற்றைப் பிடித்தால் கிழியும். வினிகரில் ஒரு ஓரத்தைத் தொட்டு, நேராகக் கரண்டிக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் சிறிதாகக் கடித்துத் துளையிடுங்கள். ஆவி வெளியேறும், சூப் கரண்டியில் கசியும். ஊதி, உறிஞ்சி, இரண்டு இஞ்சிச் சீவலை மேலே வைத்து மிச்சத்தை ஒரே வாயில் முடித்துவிடுங்கள். "மெல்லத் தூக்கு, மெதுவாய் நகர்த்து, முதலில் சன்னலைத் திற, பிறகு சூப்பைக் குடி" என்று சீனர்கள் இதைப் பாட்டாகவே சொல்வார்கள்.

ஷெங்ஜியன்பாவுக்கும் இதே முறைதான், ஆனால் அது பீய்ச்சி அடிக்கும். துளை போடும்போது முகத்தைத் தட்டுக்கு மேலே கொண்டுபோங்கள். வெள்ளைச் சட்டையைப் பற்றி வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டும்.

படி 6: மற்றவை

குவோத்தியே வறுபட்ட அடி மேலே தெரியும்படி கவிழ்த்து வரும். நேராக வைத்தால் அடியில் ஈரம் கோத்து மொறுமொறுப்பு போய்விடும். அதைத் திருப்பி வைக்காதீர்கள். வேகவைத்த ஜியாவ்சி வழுக்கும். முனையைப் பிடிக்காமல் நடுவில் பிடியுங்கள், வராவிட்டால் கரண்டியை எடுங்கள், யாரும் சிரிக்கப்போவதில்லை. சாப்ஸ்டிக்கால் குத்தித் தூக்குவதுதான் அழகில்லை. சோறும் வாங்கியிருந்தால் அதில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதை அது நினைவூட்டும்.

கடைசியில் ஜியாவ்சி வெந்த நீரை ஒரு கிண்ணம் கேட்டுப் பாருங்கள். மாவு கரைந்து வெளுத்த அந்த வெந்நீர்தான் சாப்பிட்டது செரிக்க உதவும் என்பது வட சீனர்களின் நம்பிக்கை.

மிஞ்சிய ஷியாவ்லாங்பாவைப் பொட்டலம் கட்டாதீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் சூப்பை மாவு குடித்துவிடும். ஜியாவ்சியைத் தாராளமாக எடுத்துப்போகலாம். மறுநாள் கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் வறுத்தால் வேறொரு பலகாரம். சில கடைகளில் வேகாத ஜியாவ்சியை உறைய வைத்தும் விற்கிறார்கள். வாங்கினால் பனி இளக விடாமல் நேராகக் கொதிநீரில் போட்டு, ஒட்டாமல் ஒரு கிளறு கிளறி, பொங்கும்போதெல்லாம் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது முறை ஊற்றி, மறுபடி கொதித்து, எல்லாம் உப்பி மேலே மிதந்தால் இறக்கிவிடலாம்.