பாமசியில் மருந்து ஒழுங்கை அளப்பது எப்படி

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பாமசிகளில், நோயாளிகள் சொன்னபடி மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று முதுகலை ஆய்வு செய்பவர்கள் விற்பனைப் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். பலர் அரச கிளினிக்கில் இலவசமாக மருந்து எடுத்து, அங்கே இல்லாததை மட்டும் வெளியில் வாங்குவார்கள். பாமசிப் பதிவை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒழுங்காகக் குடிப்பவரும் தவறவிட்டவராகத் தெரிவார். அதனால் அங்கே கொடுத்த மருந்து எழுதப்பட்டிருக்கும் கிளினிக் கொப்பியையும் கட்டாயம் பாருங்கள்.

முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிறகு உரிமையாளரின் சம்மதம், அதன்பிறகே நோயாளியின் எழுத்துமூல ஒப்புதல்.

அடுத்தது குளிசை எண்ணுதல். நீரிழிவுக்கான மெட்போமின் 500 மில்லிகிராம், நாளுக்கு 2 என்றால் 30 நாளுக்கு 60 கொடுக்கப்படும். 28ஆம் நாள் முடிவில் 10 மிஞ்சியிருந்தால், எடுத்தது 50, எடுக்க வேண்டியது 56, ஆகவே 89 வீதம். 80 வீதமும் அதற்கு மேலும் போதுமானது என்பதே வழக்கமான எல்லை. வீட்டில் கிடந்த பழைய குளிசை கலந்தால் மிச்சம் கூடிக் கணக்குப் பிழைக்கும். தொடக்க நாளிலேயே கையிருப்பை எண்ணிக் குறியுங்கள். காசுத் தட்டுப்பாட்டில் ஒரு கார்ட் (குளிசை அட்டை) மட்டும் வாங்குபவர்களுக்கு, வாங்கிய எண்ணிக்கையையும் தேதியையும் ஒவ்வொரு தடவையும் தனியாக எழுதுங்கள்.

“மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா அம்மா?” என்றால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “போன கிழமை எத்தனை தரம் விடுபட்டது? ஏன்?” என்று கேளுங்கள். அதையும் கவுண்டரில் கேட்காதீர்கள்; பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்கும் இடத்தில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். நோன்பு மாதத்தில் வேளைகள் மாறும், அந்தத் தரவைத் தனியாக வையுங்கள்.