கோவைக்குக் குடிவருகிறீர்களா? முதலில் ரோட்டைத் தேர்ந்தெடுங்கள்

கோவையில் "வீடு எங்கீங்க?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு ரோட்டின் பெயரோடுதான் வரும். அவினாசி ரோடு, சத்தி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காடு ரோடு, தடாகம் ரோடு, மருதமலை ரோடு என்று ஊர் நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் பிரிகின்றன. ஒரே ரோட்டில் மேலும் கீழும் போவது சுலபம். ஒரு ரோட்டிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போவதுதான் பாடு; பல இடங்களில் ஊருக்குள் வந்து திரும்பித்தான் போக வேண்டும். அதனால் வாடகையைப் பேசுவதற்கு முன்பே வேலை எந்த ரோட்டில், பிள்ளைகளின் பள்ளி எந்த ரோட்டில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை என்றால் கணபதி, விளாங்குறிச்சி, காளப்பட்டி, துடியலூர் பக்கம் பாருங்கள். பீளமேட்டுக்குப் போய்வருவோருக்கு ஹோப் காலேஜும் சிங்காநல்லூரும் தோது. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை என்றால் சுந்தராபுரம், போத்தனூர். வடவள்ளி அழகான இடம், மலை கண்ணெதிரே நிற்கும், ஆனி ஆடியில் சாரலும் அடிக்கும். ஆனால் அங்கிருந்து தினமும் சரவணம்பட்டிக்கு ஓடுவதாக இருந்தால் அந்தச் சாரலை ரசிக்கத் தெம்பு இருக்காது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபின் விமான நிலையப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல நிம்மதி. ஏறும் தளமும் இறங்கும் தளமும் எங்கெங்கே என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தவறவிட்டால் அடுத்த இறக்கம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

தண்ணீரைப் பார்த்து வீடு எடுங்கள்

கோவை வீடுகளில் இரண்டு வகைக் குழாய் இருக்கும்: ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று போர் தண்ணி, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணி. நல்ல தண்ணி எங்கிருந்து வருகிறது என்பது பகுதிக்குப் பகுதி மாறும். மேற்கும் நடுநகரமும் பெரும்பாலும் சிறுவாணி. மற்றப் பகுதிகளில் பவானி ஆற்றின் பில்லூர் தண்ணி. தெற்கே சில இடங்களில் ஆழியாறு. போர் தண்ணி பெரும்பாலும் உப்பு.

வீடு பார்க்கப் போனதும் குளியலறைக் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருந்தால் தண்ணி கடினம். சோப்பு நுரைக்காது, கீசரின் சூடேற்றும் கம்பி உப்பேறிச் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷினும் பாதிக்கும். இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு: வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணி வாங்கிப் போய் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு வேகவையுங்கள். உப்புத்தண்ணியில் பருப்பு முழுசாகக் குழையாது. போர் தண்ணி மட்டும்தான் என்ற வீட்டில் சமையலுக்குக் கேன் வாங்கியே ஆக வேண்டும். வாடகை குறைவு என்பது அதிலேயே கரைந்துவிடும்.

"தண்ணி பிரச்சனையே இல்லீங்க" என்று வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருகிறது? எந்நேரம் விடுகிறார்கள்? தொட்டிக்கு நேராக விழுகிறதா, வாசல் குழாயில் பிடித்து ஊற்ற வேண்டுமா? ராத்திரி இரண்டு மணிக்கு வரும் தண்ணியைப் பிடிக்க யாராவது எழ வேண்டும் என்பது இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. சித்திரை வைகாசியில் சிறுவாணி அணை இறங்கும்போது இந்த இடைவெளி இன்னும் நீளும். அதனால் கோடைக் கணக்கைக் கேளுங்கள். மழைக்காலக் கணக்கை நம்பி டிரம் வாங்காதீர்கள்.

சேமித்த தண்ணியை இறுக்க மூடி வையுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணியில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரோடு ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. சிறுவாணி வரும் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதில் உப்பே குறைவு, ஆர்.ஓ. தண்ணியை வீணாக வெளியே தள்ளும். வடிகட்டிக் காய்ச்சினால் போதும்.

அட்வான்ஸும் கரண்ட் பில்லும்

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது அதன் விதி. நடப்பில் அதற்கு மேலும் கேட்பார்கள். இதைச் சொல்லிப் பணிவாகப் பேசினால் குறைய வாய்ப்புண்டு. பேச்சில் 'ங்க' மட்டும் விடுபடக் கூடாது. "ஏனுங்கண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறவருக்கு இங்கே கதவு திறக்கும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

சாவி வாங்கும் அன்றே ஈபி மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தனி சர்வீஸ் நம்பரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். தனி நம்பர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் கணக்கு. இன்னொன்று: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கட்டண அடுக்கே மாறி, முந்தைய யூனிட்டுகளுக்கும் கூடப் போடுவார்கள். ஏசி ஓடும் மாதங்களில் 450 வந்ததும் உஷாராகிவிடுங்கள். மாதப் பராமரிப்புக்காகத் துணை மின் நிலையம் வாரியாகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காத நாள் ஒன்று வரும். முந்தின நாள் நாளிதழில் ஊர்ப்பெயரோடு போடுவார்கள்; வீட்டிலிருந்து வேலை செய்வோர் அதைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை: ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம். விடியற்காலையே கூடிவிடும், ஒன்பது மணிக்குப் போனால் மிச்சம்தான். அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும். மொத்த மளிகைக்கு ரங்கே கவுடர் வீதி. அங்கே காரை நிறுத்த இடம் தேடாமல் பஸ்ஸில் போங்கள்.

எந்த ஊருக்கு எந்தப் பஸ் ஸ்டாண்ட்

பலரும் எல்லாவற்றுக்கும் காந்திபுரம் போய் அலைகிறார்கள். திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம், கோபிக்குத்தான் காந்திபுரம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காட்டுக்கு உக்கடம். மதுரை, திருச்சி, தஞ்சாவூருக்கு சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டி, கோத்தகிரிக்குச் சாய்பாபா காலனியில் மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்ட். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரணப் பஸ்ஸுக்கு மட்டுமே. கோவையில் தனியார் டவுன் பஸ்ஸும் அதே ரூட்டில் ஓடும்; அதில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் பலத்த மழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, சிவானந்தா காலனி பாலங்களின் அடியில் தண்ணி நிற்கும். முன்னால் ஒரு பஸ் போகிறதே என்று பின்னாலேயே காரை விடாதீர்கள். ஆழம் நடுவில்தான் கூடும். எஞ்சினுக்குள் தண்ணி புகுந்தால் செலவு பெரிது.

ஞாயிற்றுக்கிழமைக்கு

முதல் மாதம் மலையேற வேண்டாம். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஒரு சுற்று, வாலாங்குளம் அல்லது உக்கடம் பெரியகுளக் கரையில் மாலை. பேரூர் பட்டீஸ்வரர் கோயில் ஏழு கிலோமீட்டருக்குள்தான். கனகசபைத் தூண்களை அண்ணாந்து பார்க்க அரை மணி ஒதுக்குங்கள். மருதமலைக்கு 70ஆம் நம்பர் பஸ். அடிவாரத்திலிருந்து படியேறலாம், கோயில் பஸ்ஸும் உண்டு. இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் யானை நடமாட்டம் நிஜம். இருட்டிய பின் டூவீலரில் அந்த ரோடுகளில் போகாதீர்கள்.

ஊட்டிக்குச் சொந்த வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். அதனால் சீசனில் கிளம்பும் அன்று பாஸ் எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். அரசுப் பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும். டிக்கெட்டை முன்பதிவு திறந்ததுமே எடுக்க வேண்டும். கிடைக்கவில்லை என்று சோர வேண்டாம்: பஸ்ஸில் குன்னூர் போய், குன்னூர்-ஊட்டி ரயிலில் ஏறுங்கள். அங்கே ஒரு நாளில் பல முறை ஓடுகிறது. நீராவி எஞ்சினும் பல்சக்கரப் பாதையும் மேட்டுப்பாளையம்-குன்னூர் பகுதியில்தான் என்பதால், பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால் காத்திருந்து முழுப் பயணமாகவே போங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து அந்தப் பகுதி அடிக்கடி ரத்தாகும்.

வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். ஒன்பதாவது வளைவில் பாறையோரம் வரையாடு நிற்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும், எதையும் கொடுக்காதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு ரோட்டிலேயே காத்திருந்து வண்டியில் அடிபடுகிறது. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்கிறவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தி முன்சீட்டில் உட்காரட்டும்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிக் கருகல் வாசம் வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாசம் வந்ததும் அகலமான இடத்தில் ஒதுங்கித் தானாக ஆற விடுங்கள். சூட்டில் தண்ணி ஊற்றினால் டிஸ்க் வளைந்து போகும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் மலை இறங்குவதைத் தவிருங்கள், எஞ்சின் பிடிப்பு அதில் மிகக் குறைவு.

கோவைக் குற்றாலம் சாடிவயல் செக்போஸ்ட் வழி, வனத்துறைக் கட்டுப்பாட்டில். வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். திருமூர்த்தி மலை பஞ்சலிங்க அருவியும் அப்படியே. தண்ணியில் ஆட வேண்டுமென்றால் கோபி பக்கம் கொடிவேரி, கரையிலேயே மீன் வறுத்துத் தருவார்கள். வெள்ளியங்கிரிக்கு மாசி முதல் வைகாசி வரை ஏறலாம். ஏழு மலை, மூச்சுத் திணறலும் மாரடைப்பும் உயிரைக் குடித்ததுண்டு. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் பூண்டி அடிவாரக் கோயிலோடு கும்பிட்டுத் திரும்புங்கள்.

மழை நாளில் வெளியே போக ஆசையாக இருந்தால் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன், டி-ஷர்ட் மலிவாகக் கிடைக்கும். வெளிச்சத்தில் விரித்துத் தையலும் கறையும் பாருங்கள், அளவை உடம்பில் வைத்துப் பாருங்கள். லேபிளில் இருக்கும் அளவு வெளிநாட்டுக் கணக்கு, மாற்றித் தருவதும் அரிது.