ஏறி இறங்கிய மார்க்கோடு ஐசர், ஐஐஎஸ்சி, சிஎம்ஐ: விண்ணப்பிப்பது எப்படி?

கணிதத்தில் 91, இயற்பியலில் 52. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம், பிளஸ் ஒன்னில் சறுக்கல், பிளஸ் டூவில் பாதி மீட்சி. இப்படி ஒரு மார்க் ஷீட் வந்ததும் "அறிவியல் நிறுவனமெல்லாம் நமக்கு எதுக்கு, கிடைக்கிற காலேஜில் சேர்ந்துடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். விண்ணப்பம் போடாமலேயே கதவைச் சாத்திக்கொள்வது அந்த இடத்தில்தான். இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் நம் நாட்டின் முதன்மை அறிவியல் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் பிளஸ் டூ மார்க் என்பது உள்ளே நுழைவதற்கான தகுதி மட்டுமே. தரவரிசையை முடிவு செய்வது நுழைவுத்தேர்வு. 61 சதவீதம் எடுத்தவரும் 98 சதவீதம் எடுத்தவரும் தேர்வு அறைக்குள் போனதும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

எந்த வாசலில் என்ன விதி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: மார்க்கை ஒரு தடவை கூட்டினால் போதாது

கற்பனையாக ஒரு மார்க் ஷீட் எடுத்துக்கொள்வோம். தமிழ் 88, ஆங்கிலம் 79, இயற்பியல் 52, வேதியியல் 64, கணிதம் 91, உயிரியல் 58. மொத்தம் 600-க்கு 432, அதாவது 72 சதவீதம்.

ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் சேர ஐஏடி என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 55. நம் மாணவருக்கு இந்த வாசல் தாராளமாகத் திறந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு ஆண்டு பிஎஸ் இளங்கலைப் படிப்புக்கும் அடிப்படை 60 சதவீதம்தான். ஆனால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் முதன்மைப் பாடங்களாகப் படித்திருக்க வேண்டும். அங்கே ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு), ஐஏடி தரவரிசைகளைப் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

ஐஐடி, என்ஐடி கணக்கு வேறு. அங்கே 75 சதவீதம் கேட்கிறார்கள் (பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு 65). அதையும் ஆறு பாடத்துக்குக் கூட்டுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், கூடுதல் மார்க் வாங்கிய ஒரு மொழிப்பாடம், மீதியில் அதிக மார்க் வாங்கிய ஒரு பாடம் என ஐந்து. நம் மாணவருக்கு 52, 64, 91, 88, 79. மொத்தம் 500-க்கு 374. வேண்டியது 375. ஒரே ஒரு மார்க் குறைகிறது! அந்த ஆண்டு தன் வாரியத்தில் முதல் 20 சதமானத்துக்குள் வந்திருந்தால் இந்த விதி தடையாகாது. இல்லாவிட்டால் ஜேஇஇயில் எவ்வளவு நல்ல ரேங்க் வந்தாலும் சீட் கிடைக்காது.

சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகமும் (சிஎம்ஐ) இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் (ஐஎஸ்ஐ) இந்தச் சதவீதக் கணக்கில் இறங்குவதே இல்லை. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், ஐஎஸ்ஐக்குக் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் தேர்வில்தான்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, தகுதி என்ற பகுதியை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

படி 2: விடைத்தாள் நகல் வாங்குங்கள்

ஒரு மார்க்கில் வாசல் மூடும் நிலை என்றால் இது கட்டாயம். ரிசல்ட் வந்த சில நாளிலேயே அரசுத் தேர்வுகள் இயக்ககம் நகலுக்கு விண்ணப்பிக்கும் தேதிகளை அறிவிக்கும். அவகாசம் கொஞ்சம்தான். மறுமதிப்பீடு கேட்க வேண்டுமானால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். குறையவும் வாய்ப்பு உண்டு.

மார்க் கூடாவிட்டாலும் அந்த நகல் வேறொரு வகையில் பொக்கிஷம். இயற்பியலில் 52 என்று பார்க்கிறோம். அதில் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 மார்க். அது முழுசாகக் கிடைத்திருந்தால் எழுத்துத் தேர்வில் வாங்கியது 70-க்கு 22 மட்டுமே. அந்த 22 எங்கிருந்து வந்தது? ஒரு மார்க் கேள்விகள் பதினைந்தில் பன்னிரண்டு சரியாகப் போட்டு, ஐந்து மார்க் வருவித்தல்களை மொத்தமாக விட்டவர் ஒருவர். ஒரு மார்க் கேள்விகளில் நாலே நாலு சரியாகி, மனப்பாடம் செய்த நெடுவினாக்களில் தேறியவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் மார்க் ஷீட்டில் 52தான். முதலாமவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது, எழுதும் பழக்கம் இல்லை. கொள்குறி வகை நுழைவுத்தேர்வில் அவர் சட்டென்று மேலே வருவார். இரண்டாமவர் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது வீண்.

படி 3: உங்கள் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ற தேர்வைத் தேடுங்கள்

ஒரு பாடத்தில் மட்டும் உச்சம், மற்றதில் சுமார் என்றால், அந்த ஒரு பாடத்தை மட்டும் சோதிக்கும் இடத்துக்குப் போங்கள். கணிதம் உயிர் என்றால் சிஎம்ஐயின் கணிதம்–கணினி அறிவியல் இளங்கலை. ஐஎஸ்ஐயில் கொல்கத்தாவின் பி.ஸ்டாட் (புள்ளியியல் இளங்கலை), பெங்களூருவின் பி.மேத் (கணித இளங்கலை). இந்தத் தேர்வுகளில் விடையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போக முடியாது. ஏன் அப்படி என்று நிறுவிக் காட்டும் பகுதி உண்டு. பொதுத்தேர்வில் 91 வாங்கியவர்கூட முதல் முறை பழைய வினாத்தாளைப் பார்த்தால் மிரளுவார். பயப்பட வேண்டாம். பழைய வினாத்தாள்கள் அந்தந்த நிறுவனத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுவது பிடிக்கிறது என்றால், நீங்கள் அந்த இடத்துக்கு உரியவர். பிடிக்கவில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அறிவியல் முழுவதும் ஆர்வம், மார்க் மட்டும் மேடும் பள்ளமும் என்றால் ஐஏடி. புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு ஐசர்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்–எம்எஸ் படிப்புக்கு ஏழுக்கும் சேர்த்து ஒரே தேர்வு.

புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் (நைசர்) மும்பையில் உள்ள அடிப்படை அறிவியல் மையமும் நெஸ்ட் என்ற நுழைவுத்தேர்வு வழியாக எடுக்கின்றன. அதில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் குறைந்தபட்ச மார்க் உண்டு. ஒரு பாடத்தை அறவே விட்டவர்கள் அந்த விதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கால்டெக், எம்ஐடி பற்றியும் கேட்கிறார்கள். அங்கே நடைமுறை நேர் எதிர். ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா ஆண்டு மார்க்கும், கட்டுரைகளும், ஆசிரியர் பரிந்துரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கான வேலையைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கியாக வேண்டும்.

படி 4: ஐஏடிக்குத் தயாராவது

மூன்று மணி நேரம், 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15. சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 கழிவு. மொத்தம் 240. பாடத்திட்டம் 11, 12-ஆம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது. அந்தப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கணினி அறிவியல் குரூப் எடுத்தவர்கள் தடுக்கி விழும் இடம் உயிரியல். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். மொத்தத்தில் கால் பங்கை, அதாவது 60 மார்க்கை, அப்படியே விட்டுக்கொடுப்பது தேவையில்லாத இழப்பு. கணிதம் தெரிந்தவர்கள் மரபியலிலிருந்து தொடங்கலாம். இரண்டு பண்புகளிலும் கலப்பு மரபுள்ள பெற்றோருக்கு, இரண்டிலும் ஒடுங்கு பண்பு கொண்ட சந்ததி பிறக்க நிகழ்தகவு என்ன? ஒவ்வொரு பண்புக்கும் 1/4. பெருக்கினால் 1/16. நிகழ்தகவுப் பாடம் படித்தவருக்கு இது ஒரு நிமிடக் கணக்கு. மெண்டலின் 9:3:3:1 விகிதம் அதே பெருக்கலில்தான் வருகிறது. இதில் பிடிமானம் வந்த பிறகு செல், உயிர்மூலக்கூறுகள் என்று நகருங்கள். தாவர வகைப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் உயிரியல் என்றாலே வெறுத்துவிடும்.

அதேபோல், பலவீனமான பாடத்துக்கே எல்லா நேரத்தையும் கொட்ட வேண்டாம். தரவரிசை மொத்த மார்க்கில் போடப்படுகிறது. கணிதத்தில் நன்றாகச் செய்பவர் அதில் 15-க்கு 12 என்ற நிலையை உறுதியாக வைத்துக்கொண்டு, இயற்பியலை 4-லிருந்து 8-க்கு உயர்த்தினால் போதும், ரேங்க் நன்றாக மேலே ஏறும். இயற்பியலில் 8-லிருந்து 13-க்கு ஏற ஆகும் காலத்தில் வேதியியலிலும் உயிரியலிலும் அதைவிட அதிகம் சேர்க்கலாம்.

நெகட்டிவ் மார்க் பற்றி: நான்கு விடைகளில் இரண்டைத் தவறு என்று உறுதியாக விலக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைப் போடுவது சராசரியாக ஒன்றரை மார்க் லாபம். எதையுமே விலக்க முடியாமல் போட்டால் சராசரி லாபம் கால் மார்க். அந்த நேரத்தை வேறு கேள்விக்குக் கொடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. ஐஏடி வினாத்தாள் தமிழில் வராது. விளிம்பு விளைவு என்று படித்தது அங்கே டிஃப்ராக்ஷன், குன்றல் பகுப்பு அங்கே மியாசிஸ். நம் பாடநூல்களில் உள்ள கலைச்சொற்கள் பட்டியலை எடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். புரிந்த பாடம் வார்த்தை தெரியாமல் கைநழுவக் கூடாது.

படி 5: விண்ணப்பப் படிவம்

படிவம் நிரப்புவது எளிது, சான்றிதழ்தான் இழுத்தடிக்கும். நம் ஊரில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். மத்திய நிறுவனங்களுக்கு அது போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாகக் கேட்பார்கள். இ-சேவை வழியாக விண்ணப்பித்து, விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

படி 6: "ஏன் மார்க் குறைந்தது?" என்று கேட்டால்

ஐஏடி வழியில் இந்தக் கேள்வியே வராது. நேர்காணல் வைக்கும் இடங்களிலும் கட்டுரை கேட்கும் பல்கலைக்கழகங்களிலும் வரலாம். அங்கே புலம்பலும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். "குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சரியாகப் படிக்க முடியவில்லை" என்பதில் எதுவும் தெரியவில்லை. "பிளஸ் ஒன்னில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். விட்டுப்போன இயக்கவியலை அடுத்த கோடையில் நானாகப் படித்தேன்" என்பதில் காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு செய்ததும் இருக்கிறது. உண்மையை மட்டும் சொல்லுங்கள். இயக்கவியல் படித்தேன் என்று சொன்ன மறுகணம் அதிலிருந்தே கேள்வி வரும்.

படி 7: செலவும் கவுன்சலிங்கும்

வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. மேடு பள்ளமான மார்க்கோடு அது கைக்கு எட்டாமல் போகலாம். அதை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், முதன்மை நிறுவனங்களில் சேர்வோரின் கல்விச் செலவைத் தமிழக அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு உடனே விண்ணப்பியுங்கள்.

கவுன்சலிங்கில் ஏழு ஐசர்களையும் விருப்ப வரிசையில் போடுங்கள். தூரம் என்று மூன்றை விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் அதிகம். முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும் அடுத்தடுத்த சுற்றுகளில் இடங்கள் நகரும். சீட் ஏற்புக் கட்டணத்தை மட்டும் கெடு முடிவதற்குள் கட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டு எதுவும் அமையவில்லை என்றால் இரண்டு வழிகள். பல தேர்வுகளை முந்தைய ஆண்டில் பிளஸ் டூ முடித்தவர்களும் எழுதலாம். வீட்டில் ஒரு வருடம் தனியாக இருந்து படிக்கும் மனத்திடம் இருக்கிறதா என்று யோசித்து முடிவெடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பக்கத்தில் உள்ள நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ கணிதமோ சேருங்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற முதுகலை நுழைவுத்தேர்வு எழுதினால் ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கும், ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு பாடத்தாள் எழுதினாலே போதும், நீங்கள் விரும்பி எடுத்த பாடம். இடையில் வரும் கோடை விடுமுறைக்கு, இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் தருவார்கள். அதற்கான அறிவிப்பு விடுமுறைக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். தீபாவளி சமயத்திலிருந்தே அகாடமி தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.