பழைய ஸ்பிட்ஃபயருக்கு கிளட்ச் ஜோடி சேர்ப்பது

போன மாசியில் பெங்களூரில் இருந்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று லாரியில் ஏறி கிருஷ்ணகிரிக்கு என் பட்டறைக்கு வந்தது. மார்க் 2, 1147 சிசி என்ஜின். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. இங்கிலாந்தில் இருந்து கார்க்காரர் வரவழைத்த புது கிளட்ச் செட், காரின் வருஷத்தையும் மாடலையும் சொல்லி வாங்கியது. இந்த வண்டியில் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டாம். உள்ளே இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, காருக்குள் வழியாகவே மேலே தூக்கி எடுத்துவிடலாம். அரை நாளில் எடுத்துவிட்டோம். என்ஜின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். கிளட்ச் பிளேட்டை அதன் மேல் அமுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட். புது பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீல் மேல் வைத்துப் பார்த்த தம்பி, "அண்ணா, ஓட்டையே சேரல" என்றான்.

பெட்டியில் வந்தது தப்பான சாமான் இல்லை. மார்க் 1-க்கு 6¼ அங்குல கிளட்ச். அதன் பிரஷர் பிளேட்டில் சுருள் ஸ்பிரிங்குகளும் மூன்று விரல்களும் இருக்கும். மார்க் 2-இல் இருந்து 6½ அங்குலம், டயாஃப்ரம் வகை, அதாவது சுருள்களுக்குப் பதில் தட்டு போன்ற ஒரே ஸ்பிரிங். 1500 என்ஜின் வந்தபோது 7¼ ஆனது. பெட்டியில் இருந்தது மார்க் 2-க்கு உரிய டயாஃப்ரம் செட்தான். ஆனால் என்ஜினில் உட்கார்ந்திருந்தது சுருள் ஸ்பிரிங் கிளட்சுக்கு உரிய ஃப்ளைவீல். எப்போதோ ஒரு மெக்கானிக் ஒரு ஹெரால்டு காரில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் இருந்து சென்னையிலேயே தயாரானதால் அதன் சாமான் இங்கே கிடைத்தது, ஸ்பிட்ஃபயர் சாமான் கிடைக்கவில்லை. வண்டி ஓட வேண்டும், ஓட வைத்தார்.

அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதுவானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கழற்றி அளந்த பிறகே சாமானுக்குப் பணம் அனுப்புங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷம் காரின் வருஷம். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் உள்ளே என்னென்ன மாறியது என்று அது சொல்லாது.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீலில் பிரஷர் பிளேட் போல்ட் ஓட்டைகள் எத்தனை, எதிரெதிர் ஓட்டைகளின் நடுவுக்கு நடு தூரம் எவ்வளவு, பிரஷர் பிளேட்டை இடம் விலகாமல் பிடிக்கும் டவல் பின் எத்தனை என்று குறியுங்கள். ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங் கியரில் பல் எத்தனை, அதைக் கடித்துச் சுற்றும் ஸ்டார்ட்டர் பினியனில் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸ் வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறும். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டில் ஸ்ப்லைன், அதாவது நீளவாக்கில் ஓடும் பல், எத்தனை, அதன் வெளி விட்டம் எவ்வளவு, நுனி விட்டம் எவ்வளவு என்றும் வேண்டும். அந்த நுனி, என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷுக்குள் போய் உட்கார்கிறது, எனவே புஷ்ஷின் உள் விட்டத்தையும் எழுதுங்கள். கடைசியாக, பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும் ரிலீஸ் பேரிங்கின் உயரம். சுருள் வகைக்கும் டயாஃப்ரம் வகைக்கும் விரல்கள் நிற்கும் உயரம் வேறு. பேரிங்கை மட்டும் பழசாக விட்டால் ஒன்று கிளட்ச் முழுக்க விடாது, அல்லது எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

பழைய பிளேட்டைக் கழற்றும்போது கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதாதீர்கள். பிளேட்டில் உரசும் பகுதிதான் லைனிங், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். நாங்கள் சின்ன வயதில் ஊதினோம், யாரும் சொல்லவில்லை. என் பட்டறையில் இப்போது யாரையும் ஊத விடுவதில்லை.

சரி, ஓட்டை சேராத ஃப்ளைவீலை என்ன செய்வது? புதிதாக ஓட்டை போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஓசூர் பக்கம் நல்ல மெஷின் வேலைக்குக் குறைவில்லை, போடவும் முடியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷர் பிளேட்டை நடுவில் நிறுத்துவது டவல் பின்கள். அவை கொஞ்சம் விலகினாலும் அவ்வளவு எடையும் மையம் தவறிச் சுற்றும், பழைய ஓட்டைகளும் பக்கத்திலேயே இருந்து இரும்பைப் பலவீனமாக்கும். கார்க்காரரிடம் பேசி, டயாஃப்ரம் வகைக்கு உரிய பழைய ஃப்ளைவீல் ஒன்றைத் தேடி வாங்கினோம். இரண்டு மாதம் ஆனது. காத்திருந்தது நல்லதுதான்.

வந்ததில் ரிங் கியர் தேய்ந்திருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நிற்கும், எதிரெதிராக. ஸ்டார்ட்டர் அங்கேயே கடித்துக் கடித்து அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் மொட்டையாகும். பழைய வளையத்தைக் கழற்ற, இரண்டு பல்லுக்கு நடுவே அடியில் துளை போட்டு, உளியால் ஒரே போடு போட்டால் விரிந்துவிடும். புது வளையத்தைச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். 200-இல் இருந்து 230 டிகிரி வரை போதும். துடைத்து மினுக்கிய இரும்பு இளம் வைக்கோல் நிறத்துக்கு வரும். நீலம் ஏறினால் பல்லின் கடினம் போய்விட்டது, அந்த வளையத்தைத் தூக்கிப் போடுங்கள். கேஸ் டார்ச்சால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சூடாகும் என்பதால், தெரிந்த பேக்கரியில் பன் எடுத்து முடிந்த பிறகு அடுப்பில் வைத்துத் தரச் சொன்னேன். ஃப்ளைவீலை அங்கேயே கொண்டுபோய்விட்டோம். கையுறை போட்டு வளையத்தை வைத்ததும் தானாக இறங்கி உட்கார்ந்தது, சுத்தியல் தேவைப்படவில்லை. பற்களின் சரிவான பக்கம், பினியன் நுழையும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று வைப்பதற்கு முன்பே பாருங்கள். குளிர்ந்த பிறகு திருப்ப முடியாது.

அடுத்தது ஃப்ளைவீலில் கிளட்ச் பிளேட் உரசும் முகம். இதில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். பல ஆண்டுக்கு முன் ஒரு ஹெரால்டு ஃப்ளைவீலை ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். பிளேட் உரசிய வளையத்தை மட்டும் 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பட்டறையில் தவ் என்கிறோம்) எடுத்துவிட்டு, பிரஷர் பிளேட் உட்காரும் வெளி விளிம்பை அப்படியே விட்டுவிட்டார்கள். பளபளப்பாக இருந்தது, அளக்காமல் பூட்டிவிட்டேன். தர்மபுரியில் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. சேலத்தில் இருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை. மேலே வருவதற்குள் கருகிய வாடை. பிரஷர் பிளேட் இருந்த உயரத்திலேயே நிற்க, முகம் மட்டும் 20 தவ் கீழே போனதால் அமுக்கும் பலம் குறைந்துவிட்டது. 20 தவ் என்பது அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்கு ஒரு புது பிளேட் போனது. முகமும் விளிம்பும் ஒரே மட்டமாக இருக்கும் ஃப்ளைவீலில் முழுவதையும் சேர்த்தே கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள். முகமும் விளிம்பும் வேறு வேறு உயரத்தில் இருக்கும் படி வைத்த ஃப்ளைவீலாக இருந்தால், முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவே விளிம்பிலும் எடுக்க வேண்டும். கொடுக்கும் முன் படியின் ஆழத்தை அளந்து எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது அங்கேயே அளந்து பாருங்கள். முகத்தில் மயிரிழை விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் கிரைண்டிங் செலவே வேண்டாம்.

ஃப்ளைவீலை கிராங்கில் பூட்டும் முன் இரண்டு முகத்தையும் துடைத்து விரலால் தடவுங்கள். ஒரு சின்னப் பிசிறு போதும், விளிம்பில் அது பல மடங்காகத் தெரியும். பூட்டியதும், ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை விளிம்பில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போது கிராங்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் முள்ளில் சேர்ந்துவிடும். 3 தவ்வுக்குள் இருந்தால்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். பைலட் புஷ் புதியது என்றால் முதல் நாளே என்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

கிளட்ச் பிளேட் பெட்டியில் சரியான நம்பரோடு வந்தாலும் இரண்டு சோதனை செய்வேன். முதலில் இன்புட் ஷாஃப்ட்டில் கையால் போட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது. எங்கேயும் பிடிக்காமல் வழுக்க வேண்டும். இரண்டாவதுக்குச் சப்பாத்தி மாவு வேண்டும். ஃப்ளைவீல் போல்ட் தலைகள் மேல் சின்ன உருண்டைகளாக ஒட்டி, பிளேட்டை வைத்து, பிரஷர் பிளேட்டைப் பூட்டி, மறுபடி கழற்றுங்கள். பிளேட்டின் நடு மூட்டு அமுக்கிய இடத்தில் மாவு எவ்வளவு கனம் நிற்கிறதோ அதுதான் இடைவெளி. லைனிங் தேயத் தேய அந்த மூட்டு போல்ட் தலையை நோக்கி வரும். எனவே புது பிளேட்டிலேயே 2 மி.மீ. இல்லையென்றால் அந்தப் பிளேட் இந்த ஃப்ளைவீலுக்கு ஜோடி இல்லை. எங்கள் ஸ்பிட்ஃபயரில் தாராளமாக இருந்தது. பிறகு மாவைச் சுத்தமாகத் துடைத்தோம்.

போல்ட்டில் கவனம். இந்தக் கார்களில் அங்குல மரைதான். 5/16 யு.என்.எஃப். போல்ட்டின் கனம் 7.94 மி.மீ., நம் கடைகளில் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் மரை இடைவெளி முன்னதில் 1.06 மி.மீ., பின்னதில் 1.25. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஃப்ளைவீலின் மரை காலி.

பெடல் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 5/8, கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 7/8 அங்குலம் என்றால், மாஸ்டர் 1 அங்குலம் நகரும்போது ஸ்லேவ் 0.51 அங்குலம் நகரும். அதே இடத்தில் யாரோ 1 அங்குல ஸ்லேவைப் போட்டிருந்தால் 0.39 அங்குலம்தான். கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. கியர் விழவில்லை என்று புது கிளட்சைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். சிலிண்டரின் விட்டத்தைப் பார்க்க ஐந்து நிமிஷம்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் தனித்தனியாக வந்ததால், இரண்டையும் பூட்டிச் சேர்த்தே பேலன்ஸ் செய்தோம். கழற்றும் முன் இரண்டிலும் எதிரெதிரே பஞ்ச் அடித்துக்கொண்டோம், மறுபடி அதே புள்ளிகள் எதிரெதிரே வர வேண்டும். பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. போல்ட்களை எதிரெதிராக, அரை அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

வண்டியை இறக்கும் முன் என்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கறகறவென்றால் கிளட்ச் முழுக்க விடவில்லை. எங்களுடையதில் சத்தமில்லாமல் விழுந்தது. மறுநாள் விடிகாலை, லாரிகள் அதிகம் இல்லாத நேரத்தில், தொப்பூருக்குக் கீழே வரை இறங்கித் திரும்பி ஏறினேன். மூன்றாம் கியரிலேயே மேலே வந்தது. வாடை எதுவும் இல்லை.