பெங்களூரிலிருந்து ஜப்பானுக்குக் குடிபெயர்வோர் கவனத்திற்கு

பெங்களூரிலிருந்து வேலை நிமித்தம் ஜப்பானுக்குக் குடிபெயரும் நம்மவர்கள், அல்சூர்க் கடைவீதியில் மிக்சி வாங்கும் முன், அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட் மட்டுமே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கான நம் மிக்சி அங்கே தேங்காய்ச் சட்னிக்குக்கூட ஈடுகொடுக்காது. அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் கிடைக்கும் என்றாலும் அதன் கனத்தைப் பார்த்தால், அங்கேயே ஒரு மிக்சி வாங்குவதுதான் மேல். தாவர நலச் சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலையையும் கொண்டு செல்ல அனுமதியில்லை (பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும்).

நீண்டகால விசாவில் செல்வோருக்கு நரிட்டா, ஹனேடா போன்ற விமான நிலையங்களிலேயே வசிப்பிட அட்டை வழங்கப்படும். வீடு அமைந்த 14 நாள்களுக்குள் அதை எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தால், அட்டையின் பின்புறத்தில் குறித்துத் தருவார்கள். வங்கிக் கணக்கிற்கு அது அவசியம்.

குப்பை விஷயத்தில்தான் பொறுமை தேவை. பெட் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, உரிய நாளில் காலையிலேயே வைக்க வேண்டும். குப்பையைத் தவறாக வகை பிரித்து வைத்த பையில் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வார்கள். அப்பளம் பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல், சூடாக இருக்கும்போதே அதற்கென விற்கும் தூளைக் கலந்து, கட்டியானபின் எரிக்கும் குப்பையோடு சேர்க்கலாம்.