ஏபிஆர்எஸ்: கையடக்க ரேடியோவும் ஆண்ட்ராய்டு போனும் கொண்டு இருப்பிடம் அனுப்புவது எப்படி?

ஏபிஆர்எஸ் என்பது ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் இருப்பிடம் போன்ற தகவலை பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாக, ஒலி வடிவில் அனுப்பும் முறை.

தேவையானவை: ஏஎஸ்ஓசி எனும் ஹாம் ரேடியோ உரிமமும் அழைப்புக்குறியும், பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ் பட்டை) ரேடியோ, ஏபிஆர்எஸ்டிராய்டு செயலி உள்ள போன், இரண்டையும் இணைக்கும் ஏபிஆர்எஸ்-கே1 வகைக் கேபிள். உரிமம் கையில் வரும்வரை ஒலிபரப்பு பொத்தானைத் தொட வேண்டாம்.

முதலில் இணையம் வழியாக

ரேடியோவை ஓரமாக வையுங்கள். செயலியில் அழைப்புக்குறி, அதற்குரிய பாஸ்கோடு (இணையச் சேவைக்கான கடவு எண்), பின்னொட்டு எண் (காருக்கு 9, கையடக்க ரேடியோவுக்கு 7) ஆகியவற்றைப் பதிந்து, டிசிபி (இணைய) இணைப்பில் ஒருமுறை அனுப்புங்கள். ஏபிஆர்எஸ்.எஃப்ஐ (aprs.fi) இணையதள வரைபடத்தில் உங்கள் குறி சரியான தெருவில் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. இனி வரும் கோளாறு எதுவானாலும் ரேடியோவிலோ கேபிளிலோதான் என்று துணிந்து தேடலாம்.

ரேடியோ அமைப்பு

ஏபிஆர்எஸ் அலைவரிசை வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து எண்ணைப் போடாமல், ஓசூர், சேலம், பெங்களூரு பக்கத்து ஹாம்கள் கேட்கும் அலைவரிசை எது என்று விசாரித்து அதையே வையுங்கள். மெனு 3 (பேட்டரி சேமிப்பு), மெனு 7 (இரட்டை அலைவரிசைக் கண்காணிப்பு) இரண்டையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ரேடியோ விழித்துக்கொள்வதற்குள் பாக்கெட்டின் தலைப்பகுதி போய்விடும். தலை போனால் முழுப் பாக்கெட்டும் வீண். மெனு 5 (அலைப்பட்டை அகலம்) வைடு. சிடிசிஎஸ்எஸ் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) வேண்டாம். ஸ்கெல்ச் (இரைச்சலை அடக்கும் அளவு) 0 அல்லது 1.

ஒலி அளவு

பலர் தோற்பது இங்கேதான். தகவல் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் போகிறது. போனின் ஒலியை முழுதாக ஏற்றினால் அலை நசுங்கி, காதுக்குப் பலமாகக் கேட்டும் எதிர்முனையில் டீகோட் ஆகாது. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அருகில் இன்னொரு ரேடியோவை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தொடர்ந்து டீகோட் ஆகத் தொடங்கும் இடத்தைத் தாண்டி ஏற்ற வேண்டாம்.

பொத்தானை அழுத்தாமல் ஒலிபரப்ப, மெனு 4-இல் வாக்ஸ் (ஒலி வந்ததும் தானே ஒலிபரப்பைத் தொடங்கும் வசதி) வையுங்கள். ஒலியைக் கேட்டபிறகே வாக்ஸ் ஒலிபரப்பைத் தொடங்கும் என்பதால் முன்னொலி (தகவலுக்கு முன் போகும் ஒலி) 500 மில்லிநொடியாவது இருக்க வேண்டும். இன்னொரு கவனம்: போனின் அறிவிப்பு மணியும் வானில் ஏறிவிடும். தொந்தரவு செய்யாதே நிலையில் வைத்தபிறகே வண்டியை எடுங்கள்.

பாதையும் இடைவெளியும்

பாதை என்பது, பாக்கெட்டை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையங்களுக்கான குறிப்பு. வண்டிக்கு வைட்1-1, வைட்2-1 போதும். முன்னொலியோடு சேர்த்து ஒரு பாக்கெட் ஏறக்குறைய ஒரு நொடி வானைப் பிடித்துக்கொள்கிறது. அலைவரிசையோ எல்லோருக்கும் ஒன்றே. பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்புவது மற்றவர் வாயை அடைப்பதாகும். வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப இடைவெளியை மாற்றும் ஸ்மார்ட்பீக்கனிங்கைத் தேர்ந்து, வேகமாகப் போகும்போது 60 நொடி, நிற்கும்போது 30 நிமிடம் என்று வையுங்கள். தொப்பூர் கணவாய் போன்ற வளைவுச் சாலையில் திருப்பக் கோணம் 30 டிகிரி இருக்கட்டும். சிறு கோணம் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒலிபரப்பும்.

யாருக்கும் கேட்கவில்லையா?

வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவின் உயரமே பயன் தரும். உங்கள் கையில் ஆன்டெனா 1.5 மீட்டர் உயரத்திலும், எதிர்முனையில் 9 மீட்டர் உயரத்திலும் இருந்தால் சமவெளியில் சுமார் 17 கிலோமீட்டர்தான் ரேடியோ தொடுவானம். நடுவில் மலை நின்றால் அதுவும் இல்லை. ரேடியோவோடு வரும் குட்டை ஆன்டெனாவை காருக்குள் வைக்காதீர்கள். கூரையில் காந்த அடியுடன், சுமார் 49 செ.மீ. கால் அலை ஆன்டெனா வையுங்கள்.

வீட்டு நிலையத்துக்கு இடத்தைக் கையால் பதியும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. பாக்கெட்டில் போவது டிகிரியும் நிமிடமும். தர்மபுரி நகரம் தசமத்தில் 12.1211 வடக்கு, 78.1582 கிழக்கு, டிராக்கரில் (இருப்பிடம் அனுப்பும் கருவியில்) 1207.27 (12 டிகிரி 7.27 நிமிடம்), 07809.49 (78 டிகிரி 9.49 நிமிடம்) என்று எழுத வேண்டும். தசமப் புள்ளியை மட்டும் நகர்த்தி 1212.11, 07815.82 என்று எழுதினால் உங்கள் வீடு வடகிழக்கே 14 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும்.