மூன்று பந்து வேறு, மூச்சுத் தசைப் பயிற்சி வேறு: சிஓபிடி உள்ளவர்களுக்கு

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சிரைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். டாக்டர் மூச்சுத் தசைப் பயிற்சி என்றதும், மருந்துக்கடையில் மூன்று பந்து போட்ட ஸ்பைரோமீட்டரை வாங்கி வந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுப்பார்களே, அதேதான். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சிரித்தார்.

பந்து எழும்புவது இழுக்கும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக இழுத்தால் தசைக்குச் சுமையே இல்லை. மூச்சுத் தசைப் பயிற்சிக்கான கருவியில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். குறித்த அளவு பலத்தோடு இழுத்தால்தான் திறக்கும். பளு தூக்குவது மாதிரி.

சிஓபிடியில் காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளே தேங்கும். நுரையீரலுக்குக் கீழே குடைபோல வளைந்திருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை அமுங்கித் தட்டையாகி, பலம் குறையும். இந்தப் பயிற்சி நுரையீரலைப் பழையபடி ஆக்கிவிடாது. இழுக்கும் தசைக்குத்தான் வலு சேர்க்கும். அதனால் மூச்சிரைப்பு குறையலாம்.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள், காதுச் சவ்வு கிழிந்தவர்கள், இருமலில் ரத்தம் வருபவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. சளி, காய்ச்சல், இரைப்பு கூடிய நாட்களிலும் வேண்டாம்.

சரி, இனி செய்முறை.

1. சுமையை வையுங்கள். உங்களால் அதிகபட்சம் எவ்வளவு பலமாக இழுக்க முடியும் என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். பெரும்பாலும் அதில் 30 சதவீதத்தில் தொடங்குவார்கள். 60 செ.மீ. நீர் அழுத்தம் வந்தால், கருவியில் 18.

2. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தோள் தளர்ந்திருக்கட்டும். மூக்குக்கு கிளிப் போட்டு, உதடுகளால் வாய்க்குழாயை இறுகக் கவ்வுங்கள்.

3. காற்றை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, ஒரே மூச்சில் பலமாக, வேகமாக இழுங்கள். வால்வு திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே பாயும். சத்தம் வராவிட்டால் சுமை அதிகம், அல்லது உதட்டோரம் காற்று கசிகிறது. தோளைத் தூக்காமல், வயிறும் கீழ் விலாவும் விரிகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

4. அப்புறம் நிதானமாக, முழுதாக வெளியே விடுங்கள். அப்பா இங்கேதான் அவசரப்பட்டார். பத்தாவது மூச்சிலேயே தலை சுற்றல். மூச்சுக்கு மூச்சு சற்று நிறுத்தியதும் சரியானது.

5. ஒரு வேளைக்கு 30 மூச்சு, காலை மாலை இரண்டு வேளை. முதல் வாரம் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவே ஓய்வெடுங்கள்.

6. முப்பதும் சிரமமில்லாமல் முடிந்தால், அடுத்த வாரம் சுமையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பத்துக்கு நான்கிலிருந்து ஆறு மதிப்பெண் போடும் அளவுக்குச் சிரமம் இருந்தால் போதும். வித்தியாசம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலரும் நடைப்பயிற்சியும் வழக்கம்போலத் தொடரட்டும்.

கருவிக்குள் எச்சில் கண்டிப்பாகச் சேரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் காய வையுங்கள். ஒரு கருவியை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பேரன் விளையாட்டுக்கு ஊதிப் பார்த்தால் மறுபடி கழுவ வேண்டியதுதான்.